முளை கோணினால் பல் செட் என்ன செய்யும்?

"பல் போனால் சொல் போயிற்று" என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போகிறது, சீடை போகிறது, கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து கூசாமல் சாப்பிடும் தைரியமும் போகிறது. வீட்டிலுள்ள பெரியவர், "எனக்கு ரசம் சாதம் போதும்" என்று சொல்லும்போது, வயதாக ஆக அவருக்கு ருசி குறைந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல சமயங்களில் ருசி குறையவில்லை. பல் செட் குத்துகிறது. அதை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். அவ்வளவுதான்.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரமாக இக்காலத்தில் ஒரு முறை கையாளப்படுகிறது. தாடை எலும்பில் சிறிய உலோகத் திருகாணிகளைப் பதித்து, அவற்றின் மேல் பல் செட்டை மாட்டிவிடுகிறார்கள். வைத்தியர்கள் இத்திருகாணியை 'இம்பிளான்ட்' என்கிறார்கள். கொட்டிலில் பசுவைக் கட்டும் முளையைப்போல் இது பல் செட்டைக் கட்டி நிறுத்துவதால், இக்கட்டுரையில் இதை 'முளை' என்றே அழைப்போம்.

முளை சரியான இடத்தில் அமைந்துவிட்டால் அதனால் உண்டாகும் சௌகரியத்துக்கு அளவில்லை. ஆனால் அது இடம் தவறியோ, கோணலாகவோ பதிந்துவிட்டால் என்ன செய்வது? பணமும் செலவாகி, வலியும் பொறுத்து, கடைசியில் பல் செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்து விட்டு, "நம் தலைவிதி இது" என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி இருக்கவேண்டிய அவசியமில்லை. கோணிய முளைக்குப் பெரும்பாலும் பரிகாரம் உண்டு. அப்பரிகாரங்களில் எதை முதலில் நாடவேண்டும், எதைக் கடைசிவரையில் தள்ளிப் போடவேண்டும் என்று அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும்.

ஓர் இராஷ்டிரபதியின் பல் செட்

இழந்த பல்லை ஈடு செய்யும் ஆசை மிகப் பழமையானது. மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் தேசத்தில், 1931-ஆம் வருஷத்தில், பூமியைத் தோண்டி ஒரு பழைய தாடை எலும்பை எடுத்தார்கள். சுமார் 1,400 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த மாயர் இனத்தவர் ஒருவருடைய தாடை அது. முன் பற்கள் மூன்று இருக்கவேண்டிய இடத்தில், பல்லைப்போல் செதுக்கிய கிளிஞ்சல் துண்டுகள் மூன்று பதிந்திருந்தன!

பிரான்ஸ் தேசத்தில் 1728-ஆம் வருஷத்தில் பல் வைத்தியத்தைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட பியேர் ஃபோஷார், மேல் செட்டையும் கீழ் செட்டையும் எஃகு வில்லால் இணைத்து, மேல் செட் கீழே விழாமல் உந்தி நிறுத்தப் பார்த்தார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் இராஷ்டிரபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் பதவி ஏற்றபோது அவருடைய வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் அணிந்த பல் செட் மரத்தால் ஆனது என்று ஒரு கதை உலாவுகிறது. அது தவறு. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம், பித்தளைத் திருகாணி ஆகியவற்றைக் கொண்டு செய்தவையே அவருடைய செட்டுகள். ஒரு தேசத்தின் சைன்யத்தையே நடத்திய மகா வீரர், தம் பல் செட்டை அடக்கி ஆளப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு ரப்பரால் செய்த செட் வந்தது; 1930-களின் பிற்பகுதியில் 'அக்ரிலிக்' என்னும் பிசின் வந்தது. செட்டின் அழகு வளர்ந்தது. ஆனால் அது நிற்கும் தரை மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. பல் இருக்கும் வரையில், மெல்லும் விசை பல்லின் வேர் வழியாக எலும்புக்குள் சென்று அதைப் பலமாக வைத்திருக்கிறது. பல் போனவுடன் எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு கரைகிறது. டால்கிரென் என்னும் ஆராய்ச்சியாளர், பல் செட் அணிந்தவர்களை 25 வருஷ காலம் தொடர்ந்து கவனித்து 1972-இல் முடிவுகளை வெளியிட்டார். மேல் தாடையைக் காட்டிலும் கீழ்த் தாடை நாலு மடங்கு அதிகமாகத் தேய்கிறது என்று அதனால் தெரிய வந்தது.

மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் ஆதாரம். அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டின் நிலைமை அப்படியல்ல. குதிரை லாடம் போன்ற குறுகிய வரப்பின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நாக்கு தள்ளுகிறது. வெளியே கன்னமும் உதடும் தள்ளுகின்றன. வரப்பும் கரைந்து தட்டையாகிவிட்டால் செட் எங்கே நிற்கும்?

முயலின் எலும்பு சொன்ன இரகசியம்

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்படாத ஒருவருக்குத்தான் விடை கிடைத்தது. ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த பெர்-இங்வர் பிரோனமார்க் (1929-2014) எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை ஆராய்ந்து வந்தார். 1952-இல் லுண்ட் நகரத்துச் சர்வகலாசாலையில், டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆன சிறு கருவியை முயலின் கால் எலும்பில் பொருத்தி, அதன் வழியே பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஆராய்ச்சி முடிந்ததும் கருவியை மீண்டும் உபயோகிக்கலாம் என்று கழற்றப் போனால், அது வரவில்லை! எலும்பு அந்த உலோகத்தைத் தன் சொந்தமென்று நினைத்து இறுகத் தழுவிக்கொண்டிருந்தது.

1965-ஆம் வருஷத்தில் கோதன்பர்க் நகரத்தில் முதல் மனிதருக்கு இந்த முளைகளைப் பதித்தார். அந்த முளைகள் அவருடைய ஆயுள் முடியும் வரையில், 40 வருஷத்துக்கு மேல் உழைத்தன. ஆயினும் வைத்திய உலகம் உடனே நம்பவில்லை. 1982-இல் கனடாவில் டொரொன்டோ நகரத்தில் கூடிய மகாநாட்டுக்குப் பிறகே வட அமெரிக்கப் பல் வைத்தியர்கள் இந்த முறையை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள்.

பல் முழுவதும் இழந்தவருக்கு எத்தனை முளை வேண்டும்? 2002-இல் மான்ட்ரியால் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் கூடிய நிபுணர்கள், கீழ்த் தாடைக்குச் சாதாரணப் பல் செட்டை விட, இரண்டு முளைகளின் மேல் நிற்கும் செட்டையே முதலில் யோசிக்கவேண்டும் என்று அபிப்பிராயம் தெரிவித்தார்கள். 2009-இல் இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் கூடியவர்களும் அதை ஆமோதித்தார்கள். மேல் தாடை எலும்பு மிருதுவானதால் அதற்குப் பொதுவாக நாலு முளையாவது வேண்டும் என்பது வைத்தியர்களின் கொள்கை.

மாட்டும் விதம் எளியது. ரவிக்கையில் தைக்கும் அழுத்துப் பொத்தானை நேயர்கள் அறிவார்கள். முளையின் தலையில் பொத்தானின் ஒரு பாதி. செட்டின் அடியில் மறு பாதி. அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். இழுத்தால் கழன்று வரும். இரவில் கழற்றிக் கழுவி வைக்கலாம். வேறு சிலருக்கு முளைகளை ஓர் உலோகச் சட்டத்தால் இணைத்து, அச்சட்டத்தைக் கவ்வும்படி செட்டைச் செய்வதுண்டு.

கோணல் எங்கிருந்து வருகிறது?

வீடு கட்டுகிறவர் முதலில் வாசல் எங்கே, அறை எங்கே என்று படம் போட்டுக்கொண்டு பிறகுதான் தூண் நாட்டுவார். தரை கெட்டியாக இருக்கும் இடமெல்லாம் முதலில் தூணை நட்டுவிட்டு, பிறகு வீட்டை யோசித்தால் வாசற்படியின் நடுவில் ஒரு தூண் நிற்கும். பல் முளை விஷயத்தில் நேரும் விபரீதமும் பெரும்பாலும் இதுவே.

எலும்பு தேயும் விதம் நேராக இருப்பதில்லை. மேல் தாடை தேயத் தேய உள்ளே ஒடுங்குகிறது. கீழ்த் தாடையோ வெளிப்புறம் அகன்றாற்போல் ஆகிவிடுகிறது. ஆகவே எலும்பு மிச்சமிருக்கும் இடம் வேறு. பல் நிற்கவேண்டிய இடம் வேறு. முளை பதிக்கிறவர் "எலும்பு எங்கே?" என்று மட்டும் பார்த்தால் முளை கெட்டியாக நிற்கும். ஆனால் பல் செட் செய்கிறவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

முளை பதிக்கிறவர் ஒருவர், செட் செய்கிறவர் இன்னொருவர். இருவரும் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை என்றால் தொல்லை நிச்சயம். தட்டையான எக்ஸ்-ரே படத்தை மட்டும் நம்புவதும் ஒரு காரணம். அதில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. கீழ்த் தாடையில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அதற்கும் முளைக்கும் 2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அதற்கு அஞ்சி விலகப் போய்க் கோணலாகப் பதிப்பதும் உண்டு.

நோயாளி எப்படி அறிவது?

முளை கோணியிருப்பது கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. ஆனால் சில குறிகள் உண்டு.

இரண்டு முளைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல், ஒன்று கிழக்கும் ஒன்று மேற்குமாகச் சாய்ந்திருந்தால், செட்டை ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பொத்தான் உராய்கிறது. பல மாதம் உழைக்கவேண்டிய நைலான் வளையம் சில வாரத்தில் தேய்ந்துவிடுகிறது. "மாதம் ஒரு முறை வளையம் மாற்றுகிறோம்" என்று யாராவது சொன்னால், குற்றம் வளையத்தில் இல்லை என்று அறியவேண்டும்.

முளை நாக்குப் பக்கமாக இறங்கியிருந்தால், அதை மூடுவதற்காகச் செட்டை உட்புறம் தடிப்பாகச் செய்கிறார்கள். நாக்குக்கு இடம் குறைகிறது, பேச்சுக் குழறுகிறது, நாக்கு செட்டைத் தூக்கி எறியப் பார்க்கிறது. உதட்டுப் பக்கமாக வந்திருந்தால் உதடு உப்பினாற்போல் தோன்றும். ஈறும் கீழிறங்கி உலோகம் வெளியே தெரியும்.

முளை மிக உயரமாக நின்றால் பொத்தானுக்கு மேல் பிசின் மெல்லியதாகிவிடும். அதே இடத்தில் செட் மறுபடி மறுபடி உடையும். தாழ்ந்த பொத்தானுக்கே ஈறிலிருந்து பல்லின் நுனி வரையில் சுமார் 8 அல்லது 9 மில்லிமீட்டர் இடம் வேண்டும். உலோகச் சட்டத்துக்கு 12 முதல் 14 மில்லிமீட்டர் வேண்டியிருக்கும். முளை மிக ஆழமாகப் பதிந்தாலோ, இரண்டு முளைகள் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக நெருங்கி நின்றாலோ, பிரஷ் உள்ளே போவதில்லை. அழுக்குத் தங்குகிறது, ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது, முளையைச் சுற்றிய எலும்பும் மெல்ல மெல்லக் கரைகிறது. இதில் வலி அதிகம் இருப்பதில்லை என்பதுதான் ஆபத்து.

இரண்டு குறிகளைப் பற்றி மட்டும் விசேஷமாக எச்சரிக்க விரும்புகிறோம். முளை பதித்தபின் மரப்பு மருந்தின் வேகம் தணிந்தும் கீழுதடோ மோவாயோ மரத்தே இருந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கலாகாது. முளை நரம்பை அழுத்தக்கூடும். முதல் 36 மணி நேரத்துக்குள் அதை எடுத்துவிட்டால் நரம்பு பிழைக்க இடமுண்டு. அவ்வாறே, கீழ்த் தாடையில் முளை வைத்த சில மணி நேரத்துக்குள் நாக்கின் அடி வீங்கி மேலெழும்பினால், உள்ளே இரத்தம் கசிகிறதென்று பொருள். மூச்சுக் குழல் அடைபடக்கூடும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பரிகாரம்: சிறியதிலிருந்து பெரியதற்கு

கோணலாக முளைத்த சொந்தப் பல்லைக் கம்பி கட்டி இழுத்து நேராக்குகிறார்களே, அதுபோல் இந்த முளையையும் இழுக்க முடியாதா என்று நேயர்கள் கேட்கலாம். முடியாது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நார்களால் ஆன மெத்தை ஒன்று இருக்கிறது. அதன் தயவால்தான் பல் நகர்கிறது. முளைக்கு அந்த மெத்தை கிடையாது. எலும்பு அதைத் தழுவிக்கொண்டதுதான் அதன் பலம். அதுவே அதன் பிடிவாதமும் ஆகும்.

முளை நகராதென்றால், அதன் மேலுள்ளவற்றை மாற்றிக் கோணலைச் சமாளிக்கப் பார்க்கவேண்டும். நல்ல வைத்தியர் கத்தியைத் தொடுமுன் இந்த வழிகளை வரிசையாக யோசிப்பார்.

முதலாவது, குற்றம் முளையில்தானா என்று பார்ப்பது. செட்டே சரியாக அமையாமலிருந்தால், முளையைப் பழி கூறிப் பயனில்லை. நாக்கின் தள்ளலும் கன்னத்தின் தள்ளலும் சமமாகும் நடு இடம் ஒன்று வாயில் உண்டு. பற்களை அந்த நடு இடத்தில் அடுக்கிப் புதிய செட் செய்து, உடையும் இடத்தில் உள்ளே உலோக வலை வைத்துப் பலப்படுத்தினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

இரண்டாவது, பொத்தானை மாற்றுவது. கோணலைப் பொறுத்துக்கொள்ளும் பொத்தான்கள் இருக்கின்றன. சில வகைகள் இரண்டு முளைகளுக்கிடையே மொத்தம் 40 டிகிரி வரையில் சாய்வு இருந்தாலும் சமாளிக்கும் என்று தயாரிக்கிறவர்கள் கூறுகிறார்கள். பிடிப்பின் பலத்துக்குத் தக்கபடி வளையங்கள் வர்ணம் வர்ணமாக வருகின்றன. இதற்கு இரத்தம் சிந்தவேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கும் வேலைதான்.

மூன்றாவது, முளைக்கும் பொத்தானுக்கும் நடுவில் வளைந்த கழுத்து ஒன்றைத் திருகிவிடுவது. 17 டிகிரி, 30 டிகிரி என்று வளைத்துச் செய்த கழுத்துகள் உண்டு. முளை சாய்ந்தே இருக்கும். தலை மட்டும் நிமிரும். ஆனால் கழுத்துக்கும் இடம் வேண்டுமாகையால், உயரம் குறைந்த வாயில் இது பலிக்காது.

நான்காவது, உலோகச் சட்டம். கோணல் கேஸ்களில் மிகவும் கைகொடுப்பது இதுவே என்று சொல்லலாம். தூண்கள் எங்கே நின்றாலும், அவற்றை இணைக்கும் உத்தரத்தை நமக்கு வேண்டிய கோட்டில் போட்டுவிடலாமல்லவா? அதுபோல், முளைகளைச் சட்டத்தால் இணைத்து, செட்டைக் கவ்வும் பகுதியைப் பற்களுக்கு நேர் கீழே கொண்டுவந்துவிடலாம். முன்பு இச்சட்டத்தை அச்சில் உருக்கி வார்த்தார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, திட உலோகத்திலிருந்து கடைந்து எடுக்கிறார்கள். சட்டம் எந்த முளையையும் இழுக்காமல், நெருக்காமல் தானாக உட்காரவேண்டும். ஒரு முனையில் திருகாணியை முடுக்கும்போது மறுமுனை மேலே எழும்பினால், அந்தச் சட்டம் உதவாது. திருத்தியோ புதிதாகவோ செய்யவேண்டும். சட்டத்தின் அடியைத் தினம் சுத்தம் செய்யும் பொறுமையும் வேண்டும். கை நடுங்கும் வயோதிகருக்கு இது கஷ்டமானால், கூம்பு வடிவமான தொப்பியை முளைமேல் ஒட்டி, அதன்மேல் செட்டில் உள்ள தொப்பி இறங்கும்படி செய்யும் முறையும் உண்டு.

ஐந்தாவது, முளையைத் 'தூங்க வைப்பது'. நாலு முளைகளில் மூன்று நல்லவை, ஒன்று மட்டும் அடங்காதது என்று வைத்துக்கொள்வோம். அதன் பொத்தானைக் கழற்றி, மூடி போட்டு, ஈறை மேலே இழுத்து மூடித் தைத்துவிடலாம். அது எலும்புக்குள் சாதுவாகக் கிடக்கும். மிச்சமுள்ள முளைகள் போதாவிட்டால், சரியான இடத்தில் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். பழையதைப் பிடுங்கும் ரணமும், எலும்புச் சேதமும் மிச்சம்.

ஆறாவதும் கடைசியுமானது, முளையை எடுத்துவிடுவது. நரம்பை அழுத்துகிற முளைக்கும், சுற்றிலும் எலும்பு கரைந்து ஆடுகிற முளைக்கும் வேறு வழியில்லை. எதிர்ப்பக்கமாகத் திருகும் கருவியால் எடுத்தால் சேதம் குறைவு. அதற்கு மசியாவிட்டால் முளையைச் சுற்றிக் குழாய் வாளால் அறுத்தெடுக்கவேண்டும். எலும்பும் கொஞ்சம் கூடவே வரும். அந்தப் பள்ளத்தில் எலும்புத் தூளை நிரப்பி, அது கெட்டிப்பட மாதக் கணக்கில் காத்திருந்து, பிறகு புதிய முளை வைக்கவேண்டும். முளையோடு சேர்த்து எலும்புத் துண்டையே வெட்டி நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தும் சஸ்திர சிகிச்சையும் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அது அபூர்வமானது; மிகத் தேர்ந்த கைக்கே உரியது. எலும்புத் தேய்வுக்காகச் சிலவகை மருந்துகள் உட்கொள்பவர்களுக்குத் தாடைப் புண் ஆறுவது கடினம். நீரிழிவு அடங்காதவர்களுக்கும், புகை பிடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். தாம் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியரிடம் முன்னதாகவே சொல்லிவிடவேண்டும்.

கூச்சத்தின் விலை

பரிகாரம் இத்தனை இருந்தும், பலர் அவற்றை நாடுவதில்லை. காரணம் என்ன? பிள்ளை செலவழித்து முளை வைத்துக் கொடுத்திருக்கிறான். "சரியாக இல்லை" என்று சொன்னால் அவன் மனம் நோகும் என்று தாயார் வாய் திறப்பதில்லை. நாலு பேருக்கு நடுவில் செட் நழுவுமே என்று தகப்பனார் கல்யாணத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறார். மிருதுவான பதார்த்தத்தையே தேடிச் சாப்பிடுவதால் காய்கறி குறைகிறது; உடம்பு மெலிகிறது. பேச்சும் குறைகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறிப் பதிந்த ஒரு திருகாணி, ஒருவரைக் குடும்பத்தின் சாப்பாட்டுப் பந்தியிலிருந்தே எழுப்பி விடுகிறது.

ஆகையால் வீட்டார்தாம் முதலில் கேட்கவேண்டும். "பல் செட் சௌகரியமாக இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது" என்ற பதில்தான் வரும். "நேற்றுப் பண்ணின அவரைக்காய்ப் பொரியலை ஏன் ஒதுக்கினீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும்.

பிறகு இன்னொரு பல் வைத்தியரிடம் அபிப்பிராயம் கேட்பதில் தவறில்லை. ஆனால் கையை வீசிக்கொண்டு போகக்கூடாது. முளையைச் செய்த கம்பெனி எது, அதன் குறுக்களவும் நீளமும் என்ன, வைத்த தேதி எது என்ற விவரங்களை முதல் வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஒரு கம்பெனியின் மரை இன்னொரு கம்பெனியின் திருகாணிக்குச் சேராது. இந்தச் சிறு சீட்டு இல்லாமற் போனால், பொத்தானை மாற்றித் தீரவேண்டிய விஷயம் முளையையே அறுத்தெடுப்பதில் போய் முடியலாம். சமையலறை அலமாரியில் ரேஷன் கார்டு இருப்பதுபோல், முளை சீட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கவேண்டும்.

வருமுன் காப்பது

இன்னும் முளை வைத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முளை வைப்பதற்கு முன்பே பல் செட் தயாராக வேண்டும். அசல் செட் இல்லாவிட்டாலும் மெழுகில் அடுக்கிய மாதிரியாவது வேண்டும். அதை வாயில் வைத்து, உதடு எப்படி நிற்கிறது, பேச்சு எப்படி வருகிறது என்று பார்த்துத் திருப்தியடைந்த பிறகு, எக்ஸ்-ரேயில் தெரியும்படியான பொருளால் அதன் நகல் ஒன்று செய்வார்கள். அதை வாயில் வைத்துக்கொண்டு முப்பரிமாணப் படம் எடுத்தால், பல்லும் எலும்பும் நரம்பும் ஒரே படத்தில் தெரியும். அதைக் கொண்டு துளையிட்ட வழிகாட்டித் தகடு ஒன்று செய்து, அத்துளை வழியாகவே முளையை இறக்கலாம்.

வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். "என் பல் எங்கே நிற்கப்போகிறது என்று முதலில் காட்டுவீர்களா?" "முளை வைக்கிறவரும் செட் செய்கிறவரும் ஒரே யோசனையில் இருக்கிறீர்களா?" "ஏதாவது சரிப்படாவிட்டால் அடுத்த வழி என்ன?" நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார், சந்தோஷப்படுவார். மூன்றுக்கும் பதில் சொல்லாமல், "நாளைக்கே வைத்துவிடலாம், செலவும் குறைவு" என்று அவசரப்படுத்துகிற இடத்திலிருந்து மெல்ல எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

எலும்பு உலோகத்தைத் தழுவிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தது மகத்தான காரியம். ஆனால் எந்த இடத்தில் தழுவவேண்டும் என்று எலும்புக்குத் தெரியாது. அதை மனிதர்தாம் முன்கூட்டி யோசிக்கவேண்டும். யோசனை தவறிப் போனவர்களும் மனம் தளரவேண்டாம். பொத்தானில் தீருமா, கழுத்தில் தீருமா, சட்டத்தில் தீருமா என்று படிப்படியாகப் பார்க்கத் தெரிந்த வைத்தியரை நாடினால், தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும் பல் செட் மறுபடியும் வாய்க்குத் திரும்பலாம். அடுத்த தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது, பெரியவர்களுக்கென்று தனியாக மிருதுவான பட்சணம் செய்யவேண்டிய சிரமம் சில வீடுகளிலாவது குறையட்டும்.